சீழ்க்கைக்குத் தகுந்தவர்கள்

இக்கட்டுரையில் 'நாங்கள்' என வருவது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். ஒரே பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றோம். வெவ்வேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கிறோம். சிற்றிதழ்களில் சேர்ந்தே எழுதிவருகிறோம். எங்களுள் எவர் எந்த வாக்கியத்தை எழுதினார் என்பது அச்சேறிய பின் எங்களுக்கே மறந்துவிடும். எனவே இப்பன்மையைத் தற்பெருமை என வாசகர்கள் கொள்ள வேண்டாம்.

2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் எங்களுள் ஒருவருக்குப் போலந்தின் தலைநகரான வார்சாவில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்புக் கிட்டியது. மற்றவர் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றார். இரண்டு கல்வியாண்டுகள் அங்கிருந்தோம். அந்நாட்களைப் பற்றி அவ்வப்போது எழுதியும் இருக்கிறோம். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இலக்கிய வாசகர்முன் வைப்பதற்குக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டோம். அது ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம்.

எங்களிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் தோருன் நகரத்தவர். அது கோபர்நிக்கஸ் பிறந்த ஊர் என்பதைச் சொல்வதற்கு முன்பே, தம்மூரில் ஸ்பீட்வே அணி ஒன்று உண்டு என்பதைச் சொல்லிவிட்டார் அவர். அவ்விளையாட்டைப் போலந்து மக்கள் 'ஜுஜெல்' என்கின்றனர். இரும்பு உலையில் எஞ்சும் கசடுக்கும் கரிச்சிட்டத்துக்கும் அம்மொழியில் உள்ள பெயர் அது. பழைய காலத்தில் பந்தயத் தடங்களில் அந்தச் சிட்டத்தைத்தான் கொட்டிப் பரப்பினார்களாம். கசடு நீங்கக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள், கசடின் பெயரால் அமைந்த ஒரு விளையாட்டைக் காணச் சென்ற கதை இது.

*

2015 ஏப்ரல் 18ஆம் நாள் மாலை. விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள தேசிய அரங்கில் உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ தொடரின் முதல் சுற்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். மாணவி எங்களுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தார். அவருடன் அவருடைய தாத்தா தோருனிலிருந்து வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், கறுப்புத் துணித் தொப்பி, கழுத்தில் அணியின் மஞ்சளும் நீலமும் கலந்த துண்டு. அவருக்குப் போலிஷ் தவிர வேறு மொழி தெரியாது. அவர் பேசுவதையெல்லாம் மாணவி எங்களிடம் கற்ற ஏட்டுத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். "தாத்தா கூறுகின்றார், அம்மா" என்றுதான் ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும்.

அரங்கினுள் நுழைந்ததும் எங்களைத் தாக்கியது ஒரு வாசனை. பாட்டியின் அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியின் வாசனையை யாரோ நெருப்பிலிட்டு வாட்டியதுபோல் இருந்தது. எங்கள் மூக்கு ஏமாறவில்லை. இவ்வண்டிகளின் எஞ்சின்களுக்கு ஆமணக்கிலிருந்து எடுத்த மசகெண்ணெய் இடுவது நெடுநாளைய வழக்கம் என்று பின்னர் அறிந்தோம். எரிபொருள் பெட்ரோல் அன்று, மெத்தனால்.

ஆட்டம் எளியது. நீள்வட்டத் தடம். நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள், இடப்பக்கமாக மட்டுமே திருப்பம். முதலாமவருக்கு 3 புள்ளிகள், அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வண்டி 500 சிசி, ஒற்றைக் கியர், பிரேக் கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியை மாணவி சொன்னபோது மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்றே நினைத்தோம். பிழையில்லை. வளைவில் பின்சக்கரத்தை வெளிப்பக்கமாக வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, எஃகுத் தகடு மாட்டிய இடக்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வண்டியை இடப்பக்கம் வளைக்கின்றனர். வழுக்கல்தான் அங்கே ஓட்டம். வேகத்தைக் குறைக்கும் வழியும் அதுவே.

வீரர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினர். டென்மார்க்கின் நிக்கி பெடர்சன் என்ற பெயர் ஒலித்ததும் அரங்கெங்கும் சீழ்க்கை எழுந்து காதை அடைத்தது. தமிழ்நாட்டில் சீழ்க்கைக்கு என்ன பொருள் என்பதை நாம் அறிவோம். திரையில் நாயகன் கால் தெரிந்தவுடன் முன்வரிசையிலிருந்து எழும் ஒலி அது. இவரே இந்நாட்டின் பெருநாயகர் போலும் என்று கருதிய எங்களுள் ஒருவர், மதுரைத் திரையரங்குகளில் இளமையில் கற்ற வித்தையை மறவாமல், இரு விரல்களை மடித்து வாயில் வைத்து ஓங்கி ஒரு சீழ்க்கை அடித்தார். அவர் எவர் என்பதை இங்கே சொல்வதாயில்லை. தாத்தா திரும்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, அவர் தோளில் ஓங்கித் தட்டினார்.

"தாத்தா கூறுகின்றார்," என்றார் மாணவி. "தாங்கள் வெளிநாட்டவராயினும், எவரை இகழ வேண்டும் என்பதைச் சரியாக அறிந்திருக்கின்றீர்களாம்."

அப்போதுதான் தெரிந்தது, அந்நாட்டில் சீழ்க்கை என்பது வசை என்று.

*

நிக்கி பெடர்சன் 2003, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். முதல் வளைவில் அவருக்கு வெளிப்பக்கம் மாட்டிக்கொள்பவர் பாடு திண்டாட்டம். உள்ளிருந்து மெல்ல வெளியே நகர்ந்து, அடுத்தவர் போகவேண்டிய பாதையை அடைத்துவிடுவார். விதிக்கு உட்பட்டதா, மீறியதா என்று நடுவர் தலையைச் சொறியும் எல்லைக்கோட்டில்தான் அவருடைய பந்தயம் நடக்கும். தடுப்பில் மோதுவதற்கு அஞ்சி மற்றவர் கையை இறக்க வேண்டும். அல்லது மோத வேண்டும். பந்தயம் முடிந்தபின் வீரர்கள் கூடும் பகுதியில் தள்ளுமுள்ளு, விரலை நீட்டிப் பேச்சு. அதனால்தான் அரங்குதோறும் அவருக்குச் சீழ்க்கை.

"அப்படியானால் அவரை மக்கள் வெறுக்கிறார்களா?" என்று கேட்டோம்.

தாத்தா சற்று யோசித்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, சீழ்க்கைக்குத் தகுதிபெற ஒருவரிடம் இருக்க வேண்டியவை மூன்று என்றார். முதலாவது, அவர் மிக நல்ல வீரராக இருக்க வேண்டும். நான்காவதாக வருகிறவனுக்காக எவரும் வாயில் விரலை வைப்பதில்லை. இரண்டாவது, அவர் நம் ஊருக்கு வந்து நம் கண்முன்னே நம்மவரை வென்றிருக்க வேண்டும். மூன்றாவது, சீழ்க்கையைக் கேட்டு அவர் அஞ்சக் கூடாது. இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். இம்மூன்றும் உள்ளவர்கள் ஒரு தலைமுறைக்கு நாலைந்து பேரே தேறுவார்களாம்.

அன்றைய இரவு வேறொரு பாடமும் கிடைத்தது. அரங்கினுள் தற்காலிகமாக அமைத்திருந்த தடம் சிதைந்தது. புறப்பாட்டின்போது மேலே எழ வேண்டிய நாடாக்களின் பொறி பழுதாயிற்று. பச்சை விளக்கைக் காட்டிப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் நிலை வந்தது. பன்னிரண்டு பந்தயங்களோடு போட்டியை நிறுத்திவிட்டனர். அப்போதும் சீழ்க்கை எழுந்தது; முன்னதைவிடப் பெரிதாகவே எழுந்தது. இதுவும் அதுவும் ஒன்றுதானே என்றோம் நாங்கள். தாத்தா தலையசைத்து மறுத்தார். "இது வேறு. இதில் மரியாதை இல்லை" என்றார்.

அந்நாள் இன்னொன்றுக்காகவும் குறிக்கப்பட்ட நாள். தோமாஷ் கோலோப் என்ற போலந்து வீரர் உலகத் தொடரிலிருந்து விடைபெறும் பந்தயம் என்று அது அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் ஒலித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. தாத்தாவும் எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஆனால் கைதட்டவில்லை. "இவருக்கு நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சீழ்க்கை அடித்திருக்கிறேன்" என்றார் அமர்ந்தபின்.

*

இதற்குக் கொஞ்சம் நிலவியல் தெரிய வேண்டும். பித்கோஷ்ச் நகரும் தோருன் நகரும் அடுத்தடுத்து உள்ளவை. இடைத்தூரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் ஆகாது. மாநிலம் அமைத்தபோது ஆளுநர் அலுவலகத்தைப் பித்கோஷ்சிலும் மாநிலப் பேரவையைத் தோருனிலும் வைத்துப் பிணக்கைத் தீர்க்கவேண்டியிருந்தது. ஸ்பீட்வே இரு ஊர்களிலும் உயிர். கோலோப் 1971இல் பிறந்தவர், பித்கோஷ்சின் மைந்தர். அவ்வூரின் பொலோனியா அணிக்காக அவர் தோருனுக்கு வந்து ஓட்டிய நாட்களில், வெளிப்புறத் தடுப்பை உரசியபடி, எவரும் போகத் துணியாத ஓரத்தில் வேகமெடுத்துத் தோருன் வீரர்களைக் கடந்துபோவாராம். கடந்தபின் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பதும் உண்டாம். அந்தப் பார்வையைத் தாத்தா எங்களுக்கு நடித்தே காட்டினார்.

1999ஆம் ஆண்டு உலகப் பட்டம் கோலோபின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்னர் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் நடந்த போட்டியொன்றில் விழுந்து அடிபட்டார். பட்டம் சுவீடனின் தோனி ரிக்கார்ட்சனுக்குப் போயிற்று. தோருனில் அன்றிரவு கொண்டாட்டமா என்று கேட்டோம். "இல்லை. அவரை நாங்கள் தோற்கடிக்க வேண்டும், தரை தோற்கடிக்கக் கூடாது" என்றார் தாத்தா. கோலோப் பிறகு 2010இல், தம் முப்பத்தொன்பதாம் வயதில், உலகப் பட்டம் வென்றார். 1973இல் யெஜி ஷ்சாக்கியேல் வென்றபின் போலந்துக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய பட்டம் அது.

இதில் நகைப்புக்குரிய பகுதி 2013இல் வந்தது. அவ்வாண்டு கோலோப் தோருன் அணியிலேயே சேர்ந்துவிட்டார். எதிரி தம் வண்ணத்தை அணிந்து தம் அரங்கில் நிற்கிறார். தாத்தாவுக்குத் திகைப்பு. கைதட்டவும் மனம் வரவில்லை. சீழ்க்கை அடிக்கவும் வழியில்லை. "இரண்டு பருவங்கள் என் விரல்கள் வேலையற்றிருந்தன" என்றார். அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், தம் அணி வீரர்கள் எவரையும்விட அவருடைய ஓட்டம்தான் தமக்கு நுட்பமாகத் தெரிந்திருக்கிறது என்பதை உணர்ந்தாராம். எந்த வளைவில் தோள் எவ்வளவு சாயும், எங்கே கையைத் திருகுவார், எப்போது பொய்யாக உள்ளே போவதுபோல் காட்டி வெளியே போவார் என்பதெல்லாம் மனப்பாடம். நம்மவரை நாம் பார்ப்பதில்லை, நம்பிவிடுகிறோம். எதிரியைத்தான் கண் இமைக்காமல் பார்க்கிறோம் என்று அவர் சொன்னதை, அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

*

அவ்வாண்டு கோடையில் லெஷ்னோ நகருக்கும் சென்றோம். அப்போது பெடர்சன் அவ்வூர் அணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வார்சாவில் சீழ்க்கையால் வரவேற்கப்பட்ட அதே மனிதர் இங்கே செல்லப்பிள்ளை. குழந்தைகள் கழுத்தில் அவர் படம். அதே முகம், அதே முறைப்பு. ஒலி மட்டும் வேறு. தமிழ்ச் சீழ்க்கையின் பொருளும் போலிஷ் சீழ்க்கையின் பொருளும் எங்கள் காதுக்குள் கலந்துபோனது அன்றுதான். அவ்வாண்டின் போலந்துப் பட்டத்தை லெஷ்னோவே வென்றது.

அதன்பின் இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். சீழ்க்கைக்குத் தகுந்தவர்களின் மரபு நீண்டது. சுவீடனின் ஊவே ஃபுண்டீன் 1956, 1960, 1961, 1963, 1967 என ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். 1956 முதல் 1965 வரை பத்தாண்டுகள், ஓராண்டும் தவறாமல், உலக இறுதிப் போட்டியில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பிடித்தார். செந்நிறத் தலைமயிரால் நரி என்று பெயர் பெற்றவர். தோல்வியைத் தாங்கமாட்டார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், கோபத்தை மறைக்கத் தெரியாதவர். இங்கிலாந்தில் நார்விச் அணிக்கு அவர் தெய்வம். மற்ற ஊர்களில் ஏச்சுதான். ஆனால் 2001இல் நாடுகளுக்கிடையிலான உலகக் கோப்பையைப் புதிதாகத் தொடங்கியபோது அக்கோப்பைக்கு வைத்தது அவர் பெயரைத்தான்.

நியூசிலாந்தின் ஐவன் மேஜர் இதற்கு நேர்மாறானவர். மேஜர் என்பது படைப்பதவி அன்று, குடும்பப்பெயர். 1957இல் இங்கிலாந்தின் விம்பிள்டன் அணியில் சேர்ந்து, இடம்பிடிக்க முடியாமல் ஊர் திரும்பியவர். 1963இல் நியூகாசில் அணிக்கு மீண்டும் வந்தார். 1968, 1969, 1970 என மூன்றாண்டுகள் தொடர்ந்தும், பின்னர் 1972, 1977, 1979 ஆகிய ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றார். அவரிடம் கோபம் இல்லை, பதற்றம் இல்லை, எல்லாம் கணக்கு. அந்தக் குளிர்ச்சியையே கூட்டம் மன்னிக்கவில்லை. ஆயினும் தொடர்ந்து மூன்றாம் பட்டத்தை வென்ற அவருடைய வண்டிக்கு, அமெரிக்க ரசிகர் இருவர் பந்தயம் கட்டியபடி தங்க முலாம் பூசிக் கொடுத்தனர்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு மேஜரிடம் பிடித்தது வேறொன்று. மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் அவர் பயிற்சி கொடுத்த இளைஞர்களுள் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஓல்சன் ஒருவர். 1971இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உலகப் பட்டம் ஓல்சனுக்கு; இரண்டாமிடம் ஆசிரியருக்கு. தம்மைத் தோற்கடிக்கப் போகிறவருக்குத் தாமே கற்றுக்கொடுத்தார் அவர். அடுத்த ஆண்டே பட்டத்தை மீட்டும் கொண்டார்.

மேஜரைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டபோது அவர் முகம் மாறியது. 1973 செப்டம்பரில் ஹோஷூவ் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் அவரும் நின்றிருக்கிறார். மேஜரும் ஷ்சாக்கியேலும் சமமான புள்ளிகள் பெற்றதால் இருவர் மட்டும் ஓடும் தீர்வுப் பந்தயம். பின்னால் வந்த மேஜர் முந்த முயன்றபோது சக்கரம் தட்டி விழுந்தார். போலந்துக்கு முதல் உலகப் பட்டம். "எதிரி விழுந்ததும் நீங்களும் கத்தினீர்களா?" என்றோம்.

"அவர் எழுந்த பிறகுதான் கத்தினேன்" என்றார் தாத்தா.

மாணவி மொழிபெயர்த்ததும் அவர் மீண்டும் ஏதோ சொன்னார். "தாத்தா கூறுகின்றார், அம்மா: அதுதான் விதியாம். விழுந்தவர் எழும்வரை சீழ்க்கை கூடாதாம்."

*

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பரணி என்னும் சிற்றிலக்கியத்துக்குத் தோற்றவர் பெயரைத்தான் இடுகிறோம். வென்றவன் குலோத்துங்கனாயினும் நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. தோற்றவரின் பெருமையே வென்றவரின் அளவுகோல் என்பதை ஒரு வகைமையின் பெயரிலேயே பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். புறநானூற்றின் 66ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வெண்ணி சோழநாட்டு ஊர். அங்கு நடந்த போரில் கரிகாலன் வென்றான். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனை நேரில் விளித்து, தோற்ற அவனே உயர்ந்தவன் என்ற பொருள்படப் பாடுகிறார். இப்பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். புறப்புண், வடக்கிருத்தல், துறை விளக்கம், தேர்வுக்கு வரும் வினா என்று நடத்தி முடித்துவிடுவோம். வெண்ணியிலும் கரிகாலனின் கூட்டத்திலும் ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியது போலந்திலிருந்து திரும்பிய பின்னர்தான்.

திரும்பியது 2016 கோடையில். 2017 ஏப்ரலில் மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 23ஆம் நாள், ஹெவ்ம்னோ என்ற ஊரில், மோட்டோகிராஸ் தடத்தில் கோலோப் விழுந்துவிட்டார், முதுகெலும்பு முறிந்தது, கால்களில் உணர்வில்லை. அதன்பின் அவர் வாழ்க்கை சக்கர நாற்காலியில் தொடர்ந்தது.

மாணவி எழுதியிருந்தார்: "தாத்தா மூன்று நாட்கள் பேசவில்லை. நான்காம் நாள் தேவாலயத்துக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றினார். பித்கோஷ்சின் மகனுக்காகத் தோருனில் மெழுகுவர்த்தியா என்று பக்கத்து வீட்டார் கேட்டனர். அவர் எழட்டும், எழுந்தவுடன் முதல் சீழ்க்கை என்னுடையதாக இருக்கும் என்று தாத்தா கூறினார்."

அந்த மின்னஞ்சலை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படித்தோம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

இதுவரை எழுதியதை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது கோலோப் மட்டும் அல்லர்.

எங்களுக்கும் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், இவ்வலைப்பக்கத்துக்கு வருபவர்களுள் சிலர் ஊகித்துக்கொள்ளக்கூடும். நாங்கள் எழுதிய ஒவ்வொரு கட்டுரையையும் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கிழித்துத் தோரணம் கட்டியவர். பாடபேதத்தைப் பார்க்கவில்லை என்பார். உரையாசிரியரைப் பிழையாகப் புரிந்துகொண்டோம் என்பார். இருவர் சேர்ந்து எழுதியும் ஒருவர் அளவுக்குக்கூட யோசிக்கவில்லை என்று ஒருமுறை எழுதினார். இதழ் வந்ததும் நாங்கள் முதலில் புரட்டுவது அவர் பக்கத்தைத்தான். எங்களைப் புகழ்ந்து எழுதிய நண்பர்களின் வரி ஒன்றுகூட எங்களுக்கு நினைவில்லை. அவருடைய வசைகள் பத்தி பத்தியாக மனப்பாடம்.

2019இன் தொடக்கத்தில் அவர் மிகக் கடுமையான கட்டுரையொன்றை எழுதினார். அதற்கு நாங்கள் இரண்டு மாதம் உழைத்து ஒரு மறுப்பு எழுதினோம். எங்கள் வாழ்நாளில் எழுதியவற்றுள் கூர்மையானது அதுவே என்று இன்றும் எண்ணுகிறோம். இதழுக்கு அனுப்பவிருந்த வாரத்தில், அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன என்ற செய்தி கிடைத்தது. மறுப்பை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். காரணம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஏழு மாதங்கள் கழித்து அவரைப் பார்க்கச் சென்றோம். அதுவரை அவர் வீட்டுப்படி ஏறியதில்லை. தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். அவருடைய மனைவி, "வாங்கம்மா, வாங்க சார், உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கட்டில் அருகே இருந்த முக்காலியில், கண்ணாடிக்கும் மாத்திரைகளுக்கும் அடியில், எங்கள் கட்டுரை வந்த பழைய இதழ் ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டினோம். முதல் சில பக்கங்களில் பென்சில் கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தன. அதற்குப் பிந்திய பக்கங்களில் கோடுகள் நடுங்கி நடுங்கி, சில இடங்களில் எழுத்தின்மீதே ஏறியிருந்தன. இடக்கையால் போட்டவை. ஆனால் கோடு நிற்கவில்லை. கடைசிப் பக்கம்வரை சென்றிருந்தது.

"மறுப்பு எங்கே?" என்றார் அவர். குழறிய பேச்சு, ஆனால் அதே அதட்டல். "எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள்."

எழுதி வைத்திருப்பதாகச் சொன்னோம். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். வேறு வழியின்றித் தோருன் தாத்தாவின் கதையைச் சொன்னோம். பிரேக் இல்லாத வண்டி, சீழ்க்கைக்கு வேண்டிய மூன்று தகுதிகள், கோலோப், மேஜர், கடைசியாக அந்த விதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உறங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

கதை முடிந்ததும் கண்ணைத் திறந்தார். இடக்கையால் கட்டிலின் கம்பியைப் பற்றினார். மனைவி தாங்க வந்தபோது தலையசைத்து விலக்கினார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. எங்களுக்கு மிக நீண்டதாகத் தோன்றியது. முதுகு தலையணையிலிருந்து விலகியது. உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை.

"நிற்க இன்னும் நாளாகும்," என்றார். "இப்போதைக்கு இது போதாதா?"

மறுப்பு அடுத்த இதழில் வெளிவந்தது. ஒரு சொல்லையும் நாங்கள் குறைக்கவில்லை.